பச்சோந்தியின் முதல் குதிரைப் பாடம்

ஒரு காட்டில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. ராஜா என்னவோ சிங்கம்தான். ஆனால் அவர் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். காட்டை நடத்தியது கோப்புகள். அங்கே தபால் பிரிவில் வண்ணமுத்து என்ற பச்சோந்தி பன்னிரண்டு வருஷமாக எழுத்தராக இருந்தார். வேலையில் இருக்கும் விலங்கை 'அது' என்று குறிப்பிடக் கூடாது என்று அந்தக் காட்டில் ஒரு சுற்றறிக்கை உண்டு. கதை சொல்கிற நமக்கு எதற்கு வம்பு? எல்லோரையும் 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம்.

வண்ணமுத்துவின் மனைவி மரகதத்துக்கு மேற்கு மலையில் வேலை. அங்கே ஒரு கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து, மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு விலகியது என்று எழுதி வைப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம். பச்சோந்தி நடக்கிற நடை உங்களுக்குத் தெரியும். ஒரு காலைத் தூக்கும், முன்னும் பின்னும் ஆட்டும், வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும், அப்புறம்தான் வைக்கும். அந்த நடையில் மலைக்குப் போக மூன்று மாதம், திரும்பி வர மூன்று மாதம். ஆறு மாதம் விடுப்பு எடுத்துப் போனால், "நல்லா இருக்கியா?" என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே திரும்பி நடக்க வேண்டும். இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. மூன்றாவது தடவை பாதி வழியிலேயே விடுப்பு தீர்ந்துவிட்டது.

மலைக்கு மாற்றல் கேட்டு ஒன்பது மனு போட்டிருந்தார். பத்தாவது மனுவோடு போனபோது சூப்பிரண்டு ஏகாம்பரம் தலையை நிமிர்த்தினார். ஏகாம்பரம் ஓர் உடும்பு. எந்தக் கோப்பையும் ஒரு தடவை பிடித்துவிட்டால் விடமாட்டார்.

"வண்ணமுத்து, நீங்க கேட்டு மலைக்குப் போகணும்னா இன்ஸ்பெக்டரா இருக்கணும். இன்ஸ்பெக்டர் ஆகணும்னா குதிரையேற்றச் சான்றிதழ் வேணும்."

"தபால் பிரிக்கிறவனுக்குக் குதிரை எதுக்கு சார்?"

"ரூல்ல இருக்கு."

"யார் போட்ட ரூல் சார்?"

"அது தெரிஞ்சா மாத்திடுவாங்கன்னுதான் போட்டவர் பேரை எழுதல."

வண்ணமுத்து பத்தாவது மனுவைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, எட்டு நாள் நடந்து குதிரைப் பயிற்சி மையத்துக்குப் போனார்.

அங்கே விண்ணப்பம் வாங்க ஒரு வரிசை, பூர்த்தி செய்ததைக் கொடுக்க ஒரு வரிசை. விண்ணப்பத்தில் 'நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இலைக்கு அடியில் உட்கார்ந்து எழுதியதால் 'பச்சை' என்று எழுதினார். ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் மண் நிறத்துக்கு மாறியிருந்தார். ஜன்னலில் இருந்த முயலம்மா அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆள் மாறாட்டம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். வண்ணமுத்து மறுபடி வரிசையில் நின்று 'மண் நிறம்' என்று எழுதினார். அதற்குள் கோபத்தில் கறுத்துவிட்டார். நான்காவது தடவை அந்தக் கட்டத்தில் 'அப்போதைக்கப்போது' என்று எழுதிக் கொடுத்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

பயிற்சி கொடுப்பவர் தமயந்தி மேடம். கருமந்தி. சும்மா குதிரை ஓட்டிப் பழகியவர் இல்லை, போட்டிக்காரர். மூன்று நாள் நடக்கும் அந்தப் போட்டி. முதல் நாள் மைதானத்தில் குதிரையை அழகாக நடத்திக் காட்ட வேண்டும். இரண்டாம் நாள் காடு மேடு பள்ளமெல்லாம் தாண்டிப் பறக்க வேண்டும். மூன்றாம் நாள், உயிரோடு இருந்தால், வரிசையாக நட்ட கட்டைகளைத் தாண்ட வேண்டும். மேடம் ஏழு காடுகளில் போட்டியிட்டவர். வாலில் மூன்று இடத்தில் முறிவு. அந்த வாலைத்தான் சான்றிதழ் மாதிரி சுவரோரம் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி எதிலாவது ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மரத்துல, மேடம்."

"மரம் ஓடுமா?"

"இதுவரை ஓடல."

மேடம் ஒரு பெருமூச்சு விட்டு, வேர்க்கடலைத் தோட்டில் பாதியை அவர் தலையில் கவிழ்த்து, நாரால் தாடைக்குக் கீழே கட்டினார்.

குதிரையின் பெயர் செங்கோடன். இருபத்திரண்டு வயது. செம்பட்டை நிறம், தொங்கின உதடு, எதற்கும் அசராத கண். எத்தனையோ பேருக்கு முதுகைக் கொடுத்தவர். வண்ணமுத்து வாலையும் நாலு கால்களையும் பிடரி மயிரில் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும், செங்கோடன் காதைப் பின்னுக்குத் திருப்பினார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் வழி பார்க்கிறதில்ல. மேல இருக்கிறவர் எங்க பார்க்கிறாரோ அங்க அவர் உடம்பு லேசா சாயும். அங்க நான் போவேன். என் வேலை அவ்வளவுதான்."

"நான் சாயறது உங்களுக்குத் தெரியுமா அண்ணே? நான் ஒரு பிடி எடைகூட இல்லையே."

"ஈ உட்கார்ந்தாலே தெரியற தோல் இது. நீ பாத்துக்க."

அதுதான் பிரச்சினை. வண்ணமுத்துவுக்கு இரண்டு கண்கள். இரண்டும் தனித்தனி ஆட்கள் மாதிரி. இடது கண் மேடத்தைப் பார்த்தது. வலது கண் வேலிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பூச்சியைப் பார்த்தது. செங்கோடனின் முன்னங்கால்கள் இடப்பக்கம் கிளம்பின, பின்னங்கால்கள் வலப்பக்கம் கிளம்பின. நடுவில் ஏதோ ஒரு சமாதானத்துக்கு வந்து, மொத்தச் செங்கோடனும் நண்டு மாதிரி பக்கவாட்டில் அழகாக நடந்தார்.

மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது. "இந்தப் பக்கவாட்டு நடையைக் கத்துக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு" என்றார், கொஞ்சம் கசப்பாக.

அந்தக் கசப்பு நீடிக்கவில்லை. நேராகப் போகச் சொன்னபோது செங்கோடன் பக்கவாட்டில் போனார். வட்டம் போடச் சொன்னபோதும் பக்கவாட்டில் போனார். நிற்கச் சொன்னபோது வலது கண் பின்பக்கம் திரும்பிவிட, பின்னோக்கி நடந்து தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"குதிகால் கீழே. குதிகால், குதிகால்."

"எனக்குக் குதிகால் எது மேடம்?"

மேடம் அவருடைய இடுக்கி மாதிரியான காலைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு காலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "சரி, முதுகை நிமிர்த்துங்க" என்றார். முதுகும் நிமிரவில்லை. "மூச்சாவது விடுங்க சார்." அதை மட்டும் செய்தார்.

அடுத்து, தடை தாண்டுவது. மைதானத்துக்கு வெளியே ஒரு பட்ட மரத் துண்டு கிடந்தது. செங்கோடனுக்கு அது படிக்கட்டு மாதிரி. வண்ணமுத்துவுக்கோ வீட்டு உயரம். இரண்டு கண்களும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்தன. அந்த மரத்துண்டை. செங்கோடன் சொன்னபடி அங்கேயே போனார், அங்கேயே நின்றார். வண்ணமுத்து நிற்கவில்லை. குதிரையின் தலைக்கு மேலாகப் பறந்து, வால் மட்டும் காதில் சுற்றிக்கொள்ள, செங்கோடனின் மூக்குக்கு எதிரே தலைகீழாகத் தொங்கினார். உடம்பு சாம்பலாக வெளுத்திருந்தது.

"விழுந்துட்டேனா மேடம்?"

"மண்ணைத் தொட்டாத்தான் விழுந்ததா அர்த்தம். தொங்கினா இல்ல. ஏறுங்க."

மூன்று தடவை தொங்கினார். மூன்றாவது தடவை தொங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "மேடம், எனக்கு இது வராது. நான் நடந்தே போறேன். போய்ச் சேரும்போது அவளுக்கும் வயசாகியிருக்கும், எனக்கும் வயசாகியிருக்கும். பேச நிறைய இருக்கும்."

தமயந்தி மேடம் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது, இந்த ஆள் வேலை உயர்வுக்காக வரவில்லை என்று. பக்கத்தில் வந்து அவரைத் தூக்கிப் பிடரியில் வைத்தார். ஒரு சிறிய இலையைக் கிள்ளி, எச்சில் தொட்டு, அவருடைய வலது கண்மேல் ஒட்டினார்.

"இப்ப ஒரே கண்ணு. அந்தக் கண்ணால தடையைப் பார்க்காதீங்க. தடையைப் பார்த்தா குதிரை தடைகிட்டதான் நிக்கும். அதுக்கு அந்தப் பக்கம் எங்கயாவது பாருங்க. எவ்வளவு தூரமா பார்க்கிறீங்களோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு எங்க போகணுமோ அங்க பாருங்க."

இத்தனை போட்டி பார்த்தவர் சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் அது.

வண்ணமுத்து இடது கண்ணை உயர்த்தினார். மரத்துண்டுக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மூங்கில் காடு. மூங்கில் காட்டுக்கும் மேலே, காலை வெயிலில் நீலமாக, மேற்கு மலை தெரிந்தது. உச்சியில் கொஞ்சம் மூடுபனி. இப்போது அவள் நேரம் குறித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். உடம்பு தானாகச் சாய்ந்தது.

செங்கோடன் மரத்துண்டைத் தாண்டினார். மேடம் கைதட்டினார். செங்கோடன் வேலியைத் தாண்டினார். மேடத்தின் கைதட்டல் நின்றது.

"போதும் சார், இந்தப் பக்கம் பாருங்க. யோவ், இந்தப் பக்கம் பாருய்யா."

அவர் பார்க்கவில்லை. ஒரு கண்ணுள்ளவன் ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும்.

மூங்கில் கிழித்தது. ஓடை வந்தது, போனது. சேறு, பள்ளம், விழுந்து கிடந்த ஆலமரம், ஒரு யானைக் குடும்பம். யானைகள் மட்டும் மரியாதையாக ஒதுங்கின. முதல் ஒரு மணி நேரம் வண்ணமுத்து பயத்தில் வெளுத்திருந்தார். இரண்டாவது மணி நேரம் பயம் அலுத்துப்போயிற்று. பன்னிரண்டு வருஷமாக இலை நிறத்துக்கும் மேஜை நிறத்துக்கும் சூப்பிரண்டின் முகத்துக்கும் ஏற்றபடி மாறிக்கொண்டிருந்த தோல், எதற்கும் ஏற்றபடி இல்லாமல், ஒரு மாம்பழ மஞ்சளில் நின்றுவிட்டது. அப்படியொரு நிறம் தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மூன்று மாத வழி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மலைமேல் போய்ச் சேர்ந்தார்கள்.

மரகதம் கிளையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கீழே ஒரு குதிரை மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்தார். குதிரையின் பிடரியில், தலையில் கடலைத்தோடு கவிழ்த்து, கண்ணில் இலை ஒட்டியிருந்த மஞ்சள் பிராணியையும் பார்த்தார். ஒரு நிமிஷம் யார் என்று தெரியவில்லை.

"என்னங்க இது, சொல்லாம கொள்ளாம?"

"குதிரை பழகப் போறேன்னு கடிதம் போட்டேன். அது வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்" என்றார் வண்ணமுத்து.

"எப்ப கிளம்பணும்?"

முன்பு வந்த இரண்டு தடவையும் மரகதம் கேட்ட கேள்வி அதுதான். இந்தத் தடவை பதிலுக்குக் காத்திராமல் கிளையிலிருந்து இறங்க ஆரம்பித்தார். இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை செங்கோடன் புல் மேய்ந்தார். இந்த உயரத்தில் புல் இனிக்கும் என்று தனக்கு இருபத்திரண்டு வருஷமாக யாருமே சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

எட்டாம் நாள் இன்னொரு குதிரை வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தவர் தமயந்தி மேடம். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் ஏகாம்பரம். கண்ணை இறுக்க மூடியிருந்தார். உடும்பு என்பதால் வழியில் எங்கேயும் விழவில்லை. குதிரை நின்ற பிறகும் பிடியை விடவில்லை என்பதால் மேடம்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கிவிட்டார்.

மேடம் முதலில் மதிப்பெண் தாளை நீட்டினார். தாண்டிய தடைகள் பதினேழு. தவறு இல்லை. கவனம், நூற்றுக்கு நூறு. பார்வை, நூற்றுக்கு நூறு. திரும்பி வருதல், பூஜ்யம். முடிவு: தேர்ச்சி இல்லை.

"நான் பார்த்ததிலேயே நல்ல சவாரி இது. ஆனா கிளம்பின இடத்துலதான் முடிக்கணும். அதான் சான்றிதழ் தரல" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

பிறகு ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆணையைப் படித்தார். அனுமதியின்றிப் பணிக்கு வராதது. அரசுக் குதிரையைக் கடத்தியது. விண்ணப்பத்தில் எழுதாத மஞ்சள் நிறத்தில் பொது இடத்தில் காணப்பட்டது. ஆகவே வண்ணமுத்து மீது கடும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படுகிறது.

வண்ணமுத்து மெல்ல வெளுக்க ஆரம்பித்தார். மரகதம் அவர் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"தண்டனையாக," என்று ஏகாம்பரம் தொடர்ந்தார், "ஆள் நடமாட்டமில்லாத, குளிர் மிகுந்த, எவரும் போக விரும்பாத மேற்கு மலைக் கிளைக்கு இடமாற்றம். நிரந்தரம். மேல்முறையீடு கிடையாது."

"சார்," என்றார் வண்ணமுத்து, "இதுக்கு இன்ஸ்பெக்டரா இருக்கணும்னு சொன்னீங்களே."

"ஆசைப்பட்டு வரணும்னா இன்ஸ்பெக்டரா இருக்கணும். தண்டனையில வர எந்தத் தகுதியும் வேண்டாம்." ஏகாம்பரம் ஆணையை மடித்துக் கொடுத்தார். "பன்னிரண்டு வருஷமா நீங்க ஒரு தப்பும் பண்ணல. அதனால ரூல்ல உங்களுக்கு இடமே இல்லாம போச்சு. நான் என்ன செய்ய முடியும்?"

இறங்கும்போது மேடம் செங்கோடனைக் கூப்பிட்டார். செங்கோடன் புல்லிலிருந்து தலையை எடுக்காமல், மேலே யாரும் இல்லை, யாரும் எங்கும் பார்க்கவில்லை, ஆகவே தான் எங்கும் போவதற்கில்லை என்று விளக்கம் கொடுத்தார். அது விதிப்படி சரியாக இருந்ததால் ஏகாம்பரம் குறித்துக்கொண்டார்.

செய்தி அலுவலகத்துக்குப் பரவியது. மறுவாரம் பயிற்சி மையத்தின் வரிசை மூங்கில் காடுவரை நீண்டது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணில் இலை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முள்ளம்பன்றிக்கு அம்மா ஊர்ப் பக்கம் போகணும். நீர்நாய்க்கு ஆற்றங்கரைக் கிளைக்குப் போகணும். மாதக் கடைசியில் மையத்தில் ஒரு குதிரையும் மிச்சமில்லை. சிங்கம் கையெழுத்துப் போட வந்தபோது அலுவலகத்தில் இருந்தது ஏகாம்பரம் மட்டும். அவர் ஒரு தப்பும் செய்யாதவர். அதனால் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறார்.

நீதி: மாற்றல் வேண்டும் என்றால் மனு போட்டு மையை வீணாக்காதீர்கள். போகவேண்டிய திசையைப் பார்த்து ஓர் அரசுக் குதிரையைக் கடத்துங்கள்.