ஹாபர்மான் அடித்த பந்தும் அப்பவே சொன்னவரும்

நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுகிறவரைச் சாத்திரி என்கிறோம். நடந்து முடிந்த பிறகு அதை முன்கூட்டியே சொல்லுகிறவருக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. நான் வைக்கிறேன்: அப்பவே சொன்னவர். ஒஸ்லோவில் நாலு தமிழர் கூடி நின்றால் அதில் ஒருவர் இவராக இருப்பார். மூன்று பேர்தான் நிற்கிறார்களா? அவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

எனக்கு வாய்த்தவர் ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் இருக்கும் பிலேந்திரன். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் வாசலெல்லாம் ஸ்னோ. "இண்டைக்குக் கொட்டும் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார். "அப்ப ஏன் காருக்கு விண்டர் ரயர் போடேல்லை?" என்று கேட்டார் அவருடைய மனைவி ஞானமலர். பிலேந்திரன் பனி தள்ள வெளியே போனார். இந்த இனத்துக்கு இயற்கை எதிரி மனைவிமார் மட்டும்தான்.

ஆனாலும் அவருடைய முழுத் திறமையும் வெளிப்பட்டது ஹாபர்மான் விஷயத்தில். ஹாபர்மான் ஒரு ஜெர்மன் காற்பந்து நடுக்கள ஆட்டக்காரர். சொந்த நாட்டில் இரண்டாம் பிரிவில் மாற்று ஆட்டக்காரர் குந்தும் வாங்கைத் தேய்த்துவிட்டு, 2002 இல் ஒஸ்லோக் கழகம் ஒன்றுக்கு விளையாட வந்தார். அவர் வந்தபோது பிலேந்திரன் அப்பவே சொன்னவர். முதல் ஆண்டிலேயே கோல்களாக அடித்துத் தள்ளியபோதும் அப்பவே சொன்னவர். முழங்கால் போய், ஊன்றுகோலோடு பத்திரிகையில் படம் வந்தபோது "அந்தக் காலிலை எனக்கு முதலே ஒரு சமுசயம்" என்றவர். துரொண்ட்ஹெய்ம் கழகத்துக்கு இரவலாகப் போனபோதும், அங்கேயும் வாங்கில் குந்தியிருந்தபோதும், ஒருவரும் எதிர்பாராமல் திரும்பிவந்து அணித் தலைவரானபோதும், கடைசியில் நரைத்த தலையோடு ஓய்வு பெற்றபோதும் அப்பவே சொன்னவர். தனக்கு இவ்வளவும் நடக்கும் என்று ஹாபர்மானுக்கே தெரியாது. பிலேந்திரனுக்குத் தெரியும்.

எப்படி என்கிறீர்களா? ஆட்டத்துக்கு முதல் இடப்பக்கத்து வீட்டுக்காரரிடம் "இண்டைக்கு வெல்லுவம்" என்பார். வலப்பக்கத்து வீட்டுக்காரரிடம் "இண்டைக்குத் தோப்பம்" என்பார். ஆட்டம் முடிந்ததும் எந்த வீட்டு மணியை அடிப்பது என்பது மட்டும்தான் பாக்கி. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இவர் எல்லாப் பனையிலும் காகம் வைத்திருக்கிறார்.

2008 கோடையில் எங்கள் விளையாட்டுக் கழகச் சுற்றுப்போட்டிக்கு அந்த ஹாபர்மானையே பிரதம விருந்தினராக அழைத்தோம். காரியம் இருந்தது. பயிற்றுநர் இல்லாமல் கழகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். ஹாபர்மான் பயிற்சி தரச் சம்மதித்தால் கழகம் பிழைக்கும். ஆகவே மரியாதையில் ஒரு குறையும் வரக்கூடாது. எங்கள் வழக்கப்படி பிரதம விருந்தினர் கழுத்து மாலையோடு ஒரு பெனால்டி அடித்துப் போட்டியைத் தொடக்கிவைப்பார், கோல் காப்பவர் பணிவாக மறுபக்கம் விழுவார், எல்லோரும் கைதட்டுவோம். செருப்போடு வந்த அரசியல்வாதிகளைக்கூட இப்படிக் கோல் அடிக்க வைத்திருக்கிறோம்.

"கோல் விழாட்டில் எல்லாம் போச்சு" என்று கோல் காக்கிற றஜீவிடம் சொல்லிவைத்தார் கழகத் தலைவர் ஜெயரத்தினம். றஜீவ் பொறுப்பான ஆள். மறுபக்கம் விழவேண்டுமென்றால் எந்தப் பக்கம் பந்து வரும் என்று தெரியவேண்டுமல்லவா? தெரிந்தவரிடம் போய்க் கேட்டான்.

"பிலேந்திரன் அண்ணை, அவர் எந்தப் பக்கம் அடிப்பார்?"

"கார் நிக்கிற பக்கம். நீ கண்ணை மூடிக்கொண்டு மற்றப் பக்கம், கொத்துரொட்டிக் கடைப் பக்கம் விழு. ஹாபர்மானை எனக்குத் தெரியாதே?"

றஜீவ் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கொத்துக்கடைப் பக்கம் விழுந்தான். பந்தும் கொத்துக்கடைப் பக்கமே வந்து, அவன் நெஞ்சில் பட்டு வெளியே போனது. கொத்துரொட்டி தட்டுகிற சத்தமும் நின்றுபோனது. ஹாபர்மான் மாலையோடு அப்படியே நின்றார்.

"ஆரடா உன்னை உந்தப் பக்கம் விழச் சொன்னது?" என்றார் ஜெயரத்தினம்.

"பிலேந்திரன் அண்ணைதான் சொன்னவர்."

எல்லாத் தலையும் திரும்பியது. இத்தனை காலத்தில் முதல் தடவையாக, அவர் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டிச் சொன்னதற்குச் சாட்சி கிடைத்திருக்கிறது. மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"நானோ? நான் ஒண்டும் சொல்லேல்லை."

அதற்குள் ஹாபர்மான் சிரித்துக்கொண்டே வந்து றஜீவின் கையைக் குலுக்கினார். "என்னுடைய காலை இவ்வளவு சரியாகக் கணித்த கோல் காப்பாளரை நான் கண்டதில்லை. யார் சொல்லித்தந்தது?" என்று ஜெர்மன் வாடையடிக்கும் நோர்வேஜியத்தில் கேட்டார்.

பிலேந்திரன் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "நான்தான். அப்பவே சொன்னனான்" என்று இரண்டு மொழியிலும் சொன்னார். றஜீவ் வாயைப் பிளந்தான்.

"அப்படியென்றால் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர நான் வருகிறேன்," என்றார் ஹாபர்மான், "நீங்களும் கூட நின்றால். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பனி கொட்டினாலும்."

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஜெயரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிலேந்திரன் கார் நிற்கிற பக்கமாக இரண்டு அடி வைத்தார். கொத்துக்கடையில் நின்ற ஞானமலர் கரண்டியைக் கீழே வைத்தார். "இந்த மனுசன் தன்ரை வாயாலைதான் கெடும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இயற்கை எதிரியையே பிடித்துவிட்டது, பாருங்கள்.

தொற்று நோய்தான், கவனமாக இருங்கள். றஜீவ் விழுகிற பக்கமே பந்து வரும் என்று நீங்களும் பாதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். நல்லது. யாரிடம் சொன்னீர்கள்?