மாப்பிள்ளையின் கழுத்தும் என் கத்தியும்

சோலிங்கன்,
18 அக்டோபர் 1909, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் லாம்பெர்ட் அவர்களுக்குத் தம்பி பால்டுவின் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகள் மெக்டில்டும் குழந்தையும் சுகம். மாப்பிள்ளை ஏவால்டும் சுகம், வலது கை நீங்கலாக. அதை வரிசைப்படி சொல்கிறேன். அண்ணியின் முழங்கால் வலிக்கு நான் எழுதிய எண்ணெய் குணம் தந்திருக்கும் என்று நம்புகிறேன். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குத் தாங்கள் இருவரும் வர முடியாமல் போனதில் எங்களுக்கு வருத்தம்தான். வந்திருந்தாலும் என்னை அடையாளம் கண்டிருக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

ரயில் நிலையத்தில் முப்பத்தேழு வருஷம் சீட்டுக் கொடுத்து ஓய்வுபெற்று மகள் வீட்டுக்கு வந்தவன் இந்த ஊரில் பொழுதை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அண்ணா, நான் சவரம் பண்ணக் கற்றுக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் இதென்ன கூத்து என்று அண்ணி சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழைய ஊரான ட்யூரனில் புதனும் சனியும் நாவிதர் ட்சில்லிகென்ஸிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு உலகத்தை மறந்திருந்தவன்தானே நான்? அந்தப் பழக்கத்தில், இங்கே வந்த முதல் வாரமே ஒரு சவரக்கடையைத் தேடிப் பிடித்துப் போய்விட்டேன். மாப்பிள்ளைக்குத் தொழிலே சவரக்கத்திக்குச் சாணை பிடிப்பது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கும் என் தாடைக்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றவில்லை. மறுநாள் வுப்பர் ஆற்றங்கரைப் பட்டறையில் ஏவால்டை அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்களாம். "என்னப்பா, உன் கத்திய நம்பி உன் மாமனாரே கழுத்தக் குடுக்க மாட்டேங்கறாராமே?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன், "பொண்ணக் குடுத்ததே பெரிசு, கழுத்த வேற கேக்கறியா?" என்றானாம். இதை மெக்டில்ட் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். ஏவால்ட் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தியை வைத்தார். "மாமா, இது நான் சாணை பிடிச்சது. வெச்சுக்குங்க." இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஏன் என்று தங்களுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று, "கல்லுத் தூசியத் தின்னுட்டு நாப்பது வயசுல இருமிச் சாகற கூட்டத்துக்கா என் பொண்ணு?" என்று நான் கத்தினேனே, தாங்கள் கூட என் கோட்டைப் பிடித்து இழுத்தீர்களே, அப்போது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதற்குப் பிறகு காலை வணக்கம், மாலை வணக்கம், அவ்வளவுதான்.

கத்தியை எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது. என் முகத்தில் மரியாதை போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அதை வாங்கி, விளிம்பைத் தன் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தி நகர்த்தினார். அண்ணா, எஃகு நெளிந்தது! குளத்தில் மீன் போனால் மேலே ஒரு சின்ன அலை கூடவே போகுமே, அதைப்போல விளிம்பில் ஒரு மேடு நகத்தோடு ஓடிப் போய்க் காணாமல் போயிற்று. அத்தனை மெலிசு. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பை எனக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, "என்ன தெரியுது?" என்றார். உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே," என்றேன். "அப்ப சரியா இருக்கு. வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சா மழுங்கிப்போச்சுன்னு அர்த்தம்," என்றார். மனிதன் செய்த ஒரு சாமான், செம்மையாகச் செய்யச் செய்யக் கண்ணுக்கே தெரியாமல் போகிறது என்றால் என்ன சொல்வது? எனக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது. தலையில் தொப்பி இல்லை.

எடுத்த எடுப்பில் முகத்தில் வைக்க அவர் விடவில்லை. கசாப்புக்கடையில் பன்றியின் மூத்திரப்பை ஒன்று வாங்கி வந்து, ஊதிக் கட்டி, சோப்பு நுரை தடவி, அதைச் சவரம் பண்ணச் சொன்னார். கத்தியின் முதுகைத் தோலிலிருந்து கொஞ்சம்தான் தூக்க வேண்டும், அதிகம் தூக்கினால் வெட்டும், அடியோடு படுக்க வைத்தால் இழுக்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று நாள் ஒரு கீறலில்லாமல் பண்ணினேன். நாலாம் நாள் குழந்தையைப் பார்க்கப் பாதிரியார் வந்திருந்தார். வித்தையைக் காட்டாமல் நான் சும்மா இருந்திருக்கலாம். பை வெடித்த சத்தத்தில் குழந்தை வீறிட்டது, பாதிரியாரின் காப்பியில் நுரை, அவருடைய காதில் நுரை. "பரவாயில்ல, ஞானஸ்நானம் எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு," என்று துடைத்துக்கொண்டார் நல்ல மனுஷன்.

அப்புறம் சொந்த முகம். முதல் நாள் ஒரு கன்னம் மட்டும், நாலு இடத்தில் படிகாரம். "அப்பா, சவரம் பண்ணிக்கிட்டீங்களா, இல்ல பூனையோட சண்டையா?" என்று மெக்டில்ட் கேட்டாள். அந்தச் சூட்டோடு தங்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன், பென்சில் முனை உடைந்திருந்தது, கையருகே கத்தி இருந்தது. அண்ணா, நான் சீவிவிட்டேன். மறுநாள் கத்தி முடியைப் பிடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஏவால்ட் வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாய் மின்னியது. "இதால என்ன வெட்டினீங்க?" "ஒண்ணுமில்லையே மாப்ள." மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "பென்சில் வாசனை வருதே." கோயிலில் உண்டியலில் கைவைத்தவன் பிடிபட்டால் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன். அவர் கத்தவில்லை. ஒரு மஞ்சள் தீட்டுக்கல்லை எடுத்துத் தண்ணீர் விட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, "மழுங்கினதக் கூர் பண்ணத் தெரியாதவன் கத்தி வெச்சிருக்கக் கூடாது. கையக் குடுங்க," என்றார்.

அதிலிருந்து பதினைந்து நாள், தினம் மாலை, சமையலறை மேஜையில் நாங்கள் இரண்டு பேரும். கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும், முதுகும் விளிம்பும் சேர்ந்து படிய வேண்டும், அழுத்தவே கூடாது. கல்லுக்குப் பிறகு கத்தியைத் தேய்த்து மெருகேற்றும் தோல்வாரில் நேர்மாறு, முதுகு முன்னே போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும், திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். நான் ஒரு தரம் ஞாபகப் பிசகாகப் புரட்டி, அவருடைய தோல்வாரை அப்பம் மாதிரி நறுக்கினேன். அதற்கும் ஒரு பெருமூச்சோடு சரி. "அழுத்தாதீங்க மாமா, அதுக்கே தெரியும். நீங்க கூடப் போனாப் போதும்." பதினாறாம் நாள் கத்தி பாடியது. மிகைப்படுத்தவில்லை அண்ணா, காது கொடுத்துக் கேட்டேன், மெலிந்த எஃகு கன்னத்தில் போகும்போது ஒரு சன்னமான ரீங்காரம் வருகிறது. வைத்த மாதிரியே இல்லை, நுரை மட்டும் விலகிற்று. கண்ணாடியில் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், யாருடைய கன்னமோ என்று இருந்தது. நானே தீட்டிய கூர்! கொஞ்ச நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தால் தேவலை என்று தோன்றியது.

இனி கையைப் பற்றி. போன வெள்ளிக்கிழமை பட்டறையில் சாணைக்கல் சுழலும்போதே வெடித்துத் தெறித்தது. ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இன்னொரு துண்டு ஏவால்டின் வலது கையில். இரண்டு விரலுக்குத் தையல். விரல் தங்கும், மடங்குமா என்பது தையல் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாணை பிடிக்கிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன என்று இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சனிக்கிழமை பார்த்தால் அவர் இடது கையில் கத்தியோடு கண்ணாடி முன் நிற்கிறார், மெக்டில்ட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்.

"தாடியோட கோயிலுக்கு வந்தா என்ன?"

"பட்டறைக்காரன் பூராவும் வருவான். விடு."

"அப்ப சவரக்கடைக்குப் போங்க!"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கையை விட்டுவிட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே, "மாப்ள, நான் பண்ணட்டுமா?" என்றது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டைப் பொத்தானை இடது கையால் கழற்றினார், தலையைப் பின்னால் சாய்த்தார்.

அண்ணா, இன்னொருவன் கழுத்தை அந்த வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ரத்தம் துடிப்பது தெரிகிறது. என் மகளின் வாழ்வு, அந்தக் குழந்தையின் சாப்பாடு, எல்லாம் அந்த ஒரு துடிப்பில் இருக்கிறது. அதன் மேல் நான் கூராக்கிய கத்தியை, அவரை அப்படிப் பேசிய நான், வைக்கிறேன். கன்னம் இரண்டும் முடித்துத் தாடைக்குக் கீழே வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "மாப்ள, அன்னைக்கு நிச்சயத்தப்ப நான் சொன்ன வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறக்காமல், உதடு அசையாமல் அவர் சொன்னார்: "கத்தி கழுத்துல இருக்கறப்பப் பழைய கதைய எடுக்காதீங்க மாமா." வாயை மூடிக்கொண்டேன். கை மட்டும் போயிற்று. அவர் சொன்னதைப்போல் நான் கூடத்தான் போனேன். முடிகிற சமயம் பார்த்தால், ஏவால்ட் தூங்கிவிட்டார்! லேசாகக் குறட்டை. என் கத்திக்கு அடியில், என்னை நம்பி! நான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஞாயிறன்று கோயில் வாசலில் பட்டறைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் ஏவால்டின் முகவாயைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். "எவன்டா பண்ணான்?" என்றார். "எங்க மாமா," என்றார் ஏவால்ட். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பத்தேழு வருஷத்து வேலைக்கு ரயில்வே கொடுத்த கடிகாரம் இன்னும் ஓடுகிறது, ஆனால் அதை வாங்கியபோது நான் இத்தனை நிமிர்ந்து நிற்கவில்லை.

குழந்தைக்குத் தங்கள் ஆசியும் எனக்குத் தங்கள் அன்பும் என்றும் வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம். கடவுள் தங்கள் இருவரையும் நோயின்றிக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
பால்டுவின்

பி.கு.: தொழில் சமாசாரம் ஏதும் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று மேலே உள்ளதை ஏவால்டிடம் படித்துக் காட்டினேன். கல்லும் வாரும் சரி என்றார். "ஆனா நான் எங்க தூங்கினேன்?" என்றார். "குறட்டை விட்டீங்களே மாப்ள?" "அது மூச்சு மாமா. பயத்துல எனக்கு மூச்சே ஒழுங்கா வரல. கண்ணத் திறந்தா உங்க கை நடுங்கிடும்னு இறுக்கி மூடிட்டுக் கெடந்தேன்." பழைய வார்த்தையைப் பற்றியும் அவரே பேச்செடுத்தார். "எங்கப்பாவும் நாப்பத்தொண்ணுல இருமித்தான் போனாரு, நீங்க சொன்னதுல பொய்யில்ல, அத ஒரு வீடு நிறைய ஆளுங்க முன்னால சொன்னீங்களேன்னுதான் வருத்தம்," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ்வளவு பயம்னா இனிமே சவரக்கடைக்கே போயிடுங்க," என்றேன். அதற்கு அவர், புதன்கிழமை சாயங்காலம் என் கையால் அடுத்த சவரத்துக்கு வெந்நீர் போட மெக்டில்டிடம் சொல்லியாகிவிட்டது என்கிறார்.