வலது கால் ஷூவும் வங்கக் கடலும்

கடற்கரைக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கண்ணில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரித்தவர்களும் உண்டு. கண் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் குடும்பத்தார் கடற்கரைக்குக் கிளம்பினால் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்: செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி. எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதத்தில் விதிக்கப்பட்ட தண்டனை இது. மேல்முறையீடு எதுவும் எடுபடவில்லை.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் எல்லாமே நேர்கோடு. தெருக்கள் நேர்கோடு, மரங்கள் நேர்கோடு, குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் மைன்ஸுக்குப் போகும், இன்னொரு கூட்டம் வீடு திரும்பும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவள், உலகமே சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கும் என்று நம்பியதில் பெரிய அதிசயம் இல்லை. அதிலும் நான் ஒரு படி மேல். சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கி வைப்பேன். மிளகாய்த்தூள் டப்பா இடம் மாறியிருந்தால் சோறு இறங்காது. (அம்மா அதை வேண்டுமென்றே மாற்றி வைத்து வேடிக்கை பார்த்தாள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.)

அப்பா மைன்ஸில் ஹெல்பர். நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணை, வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரத்தால் கடித்துக் கடித்து எடுக்கும் பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டைத் தூக்கி அதன் மடியில் வைத்தால் பொம்மை வீடு மாதிரி இருக்கும் என்பார் அப்பா. அந்த இயந்திரத்துக்கு ஆப்பரேட்டர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கான டெஸ்ட் இரண்டு முறை தள்ளிப்போய், கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை என்று முடிவாகியிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் முழுக்க மழை. பள்ளிக்கு விடுமுறை. நானும் தங்கை வசந்தாவும் தாயம் ஆடினோம், பரமபதம் ஆடினோம், ஜன்னல் கம்பியில் வழியும் துளிகளில் எது முதலில் கீழே வரும் என்று பந்தயம் கட்டினோம். பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் மாமா தன் கேரம் போர்டைக் கொடுத்து உதவினார். அவரும் அப்பாவோடு மைன்ஸில்தான் வேலை; சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். மழை ஈரத்தில் போர்டு ஊறி, பவுடர் மாவாகப் பிசுபிசுத்து, காய்கள் அடித்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன.

அவித்த மல்லாட்டை ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு வந்து மாமாதான் அந்தப் பேச்சை ஆரம்பித்தார். (நிலக்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். விருதுநகரிலிருந்து வந்த என் அம்மா கடைசிவரை அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.)

"சனிக்கெழம எங்க மச்சான் வூட்டுக்குப் போறோம், அண்ணே. கடலூர்ல தேவனாம்பட்டினம். வாசல்ல குந்திகினு இருந்தாலே அலை சத்தம் கேக்கும். நீங்களும் வாங்க. புள்ளைங்க கடலப் பாக்கட்டும்."

"கடல்ல என்ன இருக்கு கலியபெருமாளு? தண்ணி. மைன்ஸ்ல ராப்பகலா நாம இறைக்காத தண்ணியா?" என்றார் அப்பா. "திங்கக்கிழமை டெஸ்ட் வேற."

"நாயித்துக்கெழம சாயங்காலம் திரும்பிடப் போறோம். நீங்க வூட்டுலயே குந்திகினு இருந்தா டெஸ்ட்டு சீக்கிரம் வந்துடுமா?"

அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கேயும் போனதில்லை என்பதைப் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பயணம் உறுதியாயிற்று.

எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் பூகோளப் பாடத்தில் கடல் எனக்கு வந்திருந்தது. எனவே கடல் விஷயத்தில் நான்தான் அதிகாரி என்று நானே என்னை நியமித்துக்கொண்டேன். கேரம் போர்டைக் கவிழ்த்து, அதன் பின்பக்கம் சாக்பீஸால் கடற்கரையை வரைந்தேன். ஒரு பாதி கடல், ஒரு பாதி மணல், நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் இடம் அது. அலை அதற்கு மேல் வராது. வெள்ளைக் காய்கள் நாங்கள். கறுப்புக் காய்கள் பை, தூக்குவாளி, குடை. நடுவில் சிவப்புக் காய், அதாவது ரெட்டு, அப்பாவின் ஷூ.

ஷூவுக்கு ஏன் அந்த மரியாதை என்றால், அது கம்பெனி கொடுத்த ஷூ. மூக்கில் இரும்பு வைத்தது. மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் அதுதான். அது காலில் இல்லாமல் மைன்ஸ் கேட்டைத் தாண்ட முடியாது. தொலைத்துவிட்டு வேறு கேட்டால், எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஷூவுக்குக் காவல் நான் என்று பொறுப்பு ஒதுக்கினேன். வசந்தா ஸ்ட்ரைக்கரை அலையாக வைத்துச் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள்.

"அலை கோட்டத் தாண்டினா என்னக்கா பண்றது?"

"தாண்டாது."

"ஏன்?"

"அதுக்குத்தான கோடு போட்டிருக்கு."

"கடலுக்கும் சொல்லி அனுப்பிட்டியாடி?" என்றாள் சமையலறையிலிருந்து அம்மா.

சனிக்கிழமை மழை விட்டது. பஸ்ஸில் கடலூர் போய்ச் சேர்ந்து, தேவனாம்பட்டினத்தில் மாமாவின் மச்சான் வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வீடுகளுக்குப் பின்னாலிருந்து இடைவிடாமல் ஓர் உறுமல். எங்கள் ஊரில் அனல்மின் நிலையத்தின் இரைச்சல் எந்நேரமும் காதில் இருக்கும். எனக்குத் தெரிந்த பெரிய சத்தம் அது ஒன்றுதான்.

"இங்கயும் தெர்மல் இருக்கா மாமா?"

மாமா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இது வேற தெர்மலு, தாயீ. இதுக்கு ஷிப்ட்டு கெடையாது."

மறுநாள் காலை எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். நான் தலையைக் குனிந்தபடியே நடந்தேன். முதலில் வேலை, பிறகுதான் வேடிக்கை. கோட்டைத் தேடினேன். ஈர மணல் எங்கே முடிகிறது, காய்ந்த மணல் எங்கே தொடங்குகிறது?

எங்கேயும் தொடங்கவில்லை. ஒரு வாரம் பெய்த மழையில் கரை முழுவதுமே ஈரமாக இருந்தது. இந்த நிலவரத்தைப் பற்றிப் பூகோளப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. நான் கலங்கவில்லை. குதிகாலால் மணலில் இழுத்து நானே ஒரு கோடு போட்டேன். நல்ல நேர்கோடு, எங்கள் தெருவைப் போல. கோட்டுக்கு இந்தப் பக்கம் பையை வைத்தேன். அதன் பக்கத்தில் ஷூ இரண்டையும் சேர்த்து, சாக்ஸை உருட்டி உள்ளே செருகி, மூக்கு இரண்டும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்தேன். சரியாக இருந்தது. எல்லாம் முடிந்த திருப்தியோடு நிமிர்ந்தேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல என்று இன்றுவரை வாதாடி வருகிறேன்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரு கரை இருந்தது. குளத்துக்கு எதிர்க்கரை உண்டு, ஏரிக்கு எதிர்க்கரை உண்டு. மைன்ஸ் பள்ளத்தைக் கூட மேலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து விளிம்பு மங்கலாகவாவது தெரியும். இதற்கு அந்தப் பக்கமே இல்லை. மழை மேகமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன. எங்கோ தொலைவில் கடல் லேசாகப் புடைத்து, அந்தப் புடைப்பு அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி நடந்து வந்தது. கிட்டே வந்ததும் எழுந்து நின்று, உச்சியில் வெளுத்து, அப்படியே குப்புற விழுந்தது. விழுந்த அதிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறி என் பல்லில் தெரிந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. யாரும் சங்கு ஊதவில்லை. யாரும் இயக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பும் இது இப்படி விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வந்து பார்க்கிறேன் என்பதற்காக ஓர் அலை கூடத் தயங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. இவ்வளவு பெரியதைப் போய்க் கேரம் போர்டில் வரைந்தோமே என்ற வெட்கமாக இருக்கலாம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது தெரிந்தது; ஜில்லென்று நன்றாகவே இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது.

"அக்கா, ரெட்டு போச்சு."

திரும்பினேன். கோட்டைக் காணோம். பை மல்லாந்து கிடந்தது. இட்லி ஒவ்வொன்றாகக் கடலை நோக்கிப் புறப்பட்டிருந்தது. இடது கால் ஷூ மணல் குடித்துச் சரிந்து கிடந்தது. வலது காலைக் காணவில்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் ஓடினார். குனிந்து குனிந்து துழாவினார். ஓர் அலை அவரை உட்கார வைத்தது, அடுத்த அலை படுக்க வைத்தது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "என்னாத்துக்குத் தேடிகினு இருக்கீங்க? இரும்பு வச்ச ஷூவா? மண்ணுக்குள்ள போயிருக்கும். சின்னச் செருப்புன்னா திருப்பிக் குடுக்கும்."

நான் அப்பாவைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தேன். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு அசையாமல் நின்றிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஷூ போனதை அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் வெறுங்காலோடு, மடியில் ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். (கண்டக்டர் ஷூவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த நல்ல மனிதரை வாழ்த்துகிறேன்.) விடிந்தால் டெஸ்ட். நான் அடியை எதிர்பார்த்து முதுகைத் தயாராக வைத்திருந்தேன். வடலூர் தாண்டியதும் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"நம்ம மைன்ஸையே தூக்கி அதுல கவுத்தாலும் எங்க கிடக்குன்னு தெரியாதுல்ல?"

"மொதல்ல ஷூ எங்க கிடக்குன்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.

மாமாவுக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். "காலைல என்னுத மாட்டிகினு போங்க, நான் போறதுக்குள்ள வந்துடுங்க" என்றார். அவர் பாதம் எங்கள் பிளாக்கிலேயே பெரியது. அப்பா யோசித்துவிட்டு, இடது காலுக்குச் சொந்த ஷூவையும் வலது காலுக்கு மாமாவின் ஷூவையும் போட்டுக்கொண்டார். ஒரு காலாவது தன் சொல் கேட்க வேண்டும் என்றார். அம்மா பழைய துணியைச் சுருட்டி அந்த வலது ஷூவுக்குள் திணித்தாள். இரும்பு ஏணியில் ஏறும்போது டங்கு, டப்பு, டங்கு, டப்பு என்று சத்தம் வந்ததாம். டெஸ்ட் எடுத்த அதிகாரி கீழே பார்த்தாராம்.

"என்னய்யா, ரெண்டு காலும் ரெண்டு ஆளுதா?"

"வலது கால் இரவல் சார். என்னோடத நேத்து கடல் எடுத்துக்கிச்சு."

"கடல் ஏன்யா உன் ஷூவ எடுக்குது?"

"பாத்துக்கிட்டே நின்னுட்டோம் சார். குடும்பமே நின்னுட்டோம்."

அதிகாரி ஷூவை இன்னொரு முறை பார்த்தாராம். பிறகு, "அங்க நின்ன மாதிரி இங்க நின்னுடாத. ஏறு," என்றாராம். அப்பா ஏறினார். ராட்சதச் சக்கரத்தைச் சுழற்றினார். ஆப்பரேட்டர் ஆனார். மைன்ஸில் அவர் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பெயர் 'டங்கு டப்பு'. மாமா அன்று மத்தியானம் ஷூவுக்குள் இருந்த துணியை எடுக்க மறந்து, ஷிப்ட் முழுவதும் நொண்டினார் என்பது கிளைக்கதை.

மீந்த இடது ஷூ எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மழைக்காற்றில் கொல்லைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. இரும்பு மூக்கு அதற்குத் தோதாக இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு வயதாகிவிட்டது. மழை விட்ட ஞாயிறுகளில் தேவனாம்பட்டினம் போகாவிட்டால் முகம் வாடிவிடும். மணலில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "சுந்தரி, ரெட்டு" என்பார். வசந்தா தன் பிள்ளைகளின் செருப்புகளையும் கொண்டுவந்து குவிப்பாள். நான் குதிகாலால் ஒரு கோடு போட்டுவிட்டு (பழக்கம் விடவில்லை) கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.

என் எதிரில் அப்பா நிற்பார். பேன்ட் முழங்கால் வரை, வாய் லேசாகத் திறந்து, அன்றைக்கு நின்ற அதே மாதிரி. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் புருவம் உயர்வதை வைத்தே பின்னால் வருகிற அலையின் உயரம் எனக்குத் தெரிந்துவிடும். புருவம் நெற்றிச் சுருக்கத்தைத் தொட்டதென்றால், செருப்புகளை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.