கடற்காற்று இல்லம் பட்டயம் பெற்ற விதம்

கோடையில் ஒரு வாரமாவது வைட் தீவுக்குப் போய் மழையில் நனைந்துவிட்டு வருவது இங்கிலாந்தில் பிறந்தவர்களின் கடமை. அந்த முறைப்படி கவென்ட்ரியிலிருந்து டோரீனும் அவள் கணவன் நார்மனும் கிளம்பி வந்து கப்பலேறினார்கள். நார்மனுக்குக் குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளி. கடற்காற்று பட்டால்தான் இருமல் அடங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கவலையை டோரீன் தானாகவே பட்டுக்கொண்டாள்.

அவள் தேடிப் பிடித்த விடுதியின் பெயரே கடற்காற்று இல்லம். பெயரில் இருந்த காற்று அறையில் இல்லை. கடலைப் பார்த்த ஜன்னல், பெயின்ட் அடித்தபோதே சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்த ஜன்னலோ மூட வரவில்லை. மீன் வறுக்கும் புகையில் நார்மன் வீட்டில் இருமியதைவிட அதிகமாக இருமினான்.

"கீழ போய்ச் சொல்லேன், டோரீன். நீ வாயத் திறந்தாத்தான் ஜன்னல் திறக்கும்."

சொல்லத்தான் போனாள். காலை உணவின்போது விடுதி நடத்தும் மிஸஸ் பாம்ஃப்ரெட் மேசை மேசையாக வந்து, எல்லாம் திருப்திதானே என்று கேட்பாள். அதற்கு 'அருமை, நன்றி' என்பதைத் தவிர வேறு பதில் உண்டென்று டோரீனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியத்தைத் தொண்டை வரை கொண்டுவந்தாள். வாய் 'அருமை, நன்றி' என்றுவிட்டது.

மற்றவர்களும் அப்படித்தான். குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரரும், மெத்தைக் கம்பி குத்திய இரண்டு சகோதரிகளும் மேசையில் அருமை என்றார்கள். மாடிப்படியில் டோரீனைப் பிடித்து வைத்துப் புலம்பினார்கள். ஒருவர் புலம்பி முடிக்கும்வரை அடுத்தவர் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்.

விடுதியின் நியாயத்திலும் பிசகில்லை. குறை வந்தால் சரிசெய்ய ஒரு தச்சரை வைத்திருந்தார்கள். குறையே வராததால் நிறுத்திவிட்டார்கள். தச்சரே தேவைப்படாத விடுதி தீவில் இது ஒன்றுதான் என்று அறிந்து பெருமிதமுற்ற சுற்றுலா மன்றம், முழுநிறைவு விடுதி என்னும் பட்டயம் வழங்கத் தீர்மானித்தது. நேரில் விசாரித்தறிய, விருந்தினர் மனநிறைவு ஆய்வு அலுவலர் திருவாளர் ட்ரெஷம் வந்து தங்கினார்.

மாடிப்படி மகாசபை ஏகமனதாக டோரீனையே பேசச் சொன்னது. அலுவலர் காலை உணவில் அவளிடம் வந்தார், பக்கத்தில் மிஸஸ் பாம்ஃப்ரெட்.

"ஒரு சின்ன விஷயங்க," என்று டோரீன் எழுந்தாள். "தப்பா நினைக்கக் கூடாது. எங்க ரூம் ஜன்னல்..."

கரண்டிச் சத்தம் நின்றது. அலுவலரின் பேனா தாளைத் தொட்டது. நார்மன் ஆதரவாக இருமினான்.

"ஜன்னலுக்கு என்ன, கண்ணு?" என்றாள் மிஸஸ் பாம்ஃப்ரெட் கனிவாக.

"அந்தத் திரைச்சீலை... ரொம்ப அழகு. எங்க வாங்கினீங்கன்னு கேக்கலாம்னு."

பட்டயம் வாசலில் மாட்டப்பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். போலீஸ்காரர் வாழ்த்துரை வழங்கினார்.

அன்று கடற்கரை பெஞ்சில் நார்மனுக்குச் சால்வையைச் சுற்றிவிட்டு டோரீன் உட்கார்ந்திருந்தபோது, அலுவலர் தும்மிக்கொண்டே வந்தார்.

"இப்படிக் கைவிட்டுட்டீங்களேம்மா. என் ரூம்ல கட்டில் மேலயே மழை ஒழுகுது. நீங்க சொல்வீங்கன்னுதான் பொறுத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்களே எழுதியிருக்கலாமே?"

"எப்படி எழுதறது? காலைல அந்தம்மா கேட்டப்ப நானும் அருமைன்னுட்டேனே."

அவர் போனதும் நார்மன் ஒரு வாரத்து ஆத்திரத்தையும் டோரீன் மேல் கொட்டினான். ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்ல இந்த நாட்டில் ஒரு மனுஷன் கூடவா இல்லை என்றான். கிளம்பும் நாளன்று அவளைப் பெட்டியோடு வாசலில் நிறுத்திவிட்டுத் தானே உள்ளே போனான். திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது.

"சொன்னியா?"

"பேசினேன்."

"என்ன பேசினே?"

நார்மன் வெகுநேரம் இருமினான்.

"அடுத்த கோடைக்கு அதே ரூம். இந்தத் தடவை ரெண்டு வாரம்."