இரண்டாம் ஷெட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

கோழிப்பண்ணை சூப்பர்வைசர் சரவணமுத்து காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்கு வந்த அன்று, இரண்டாம் ஷெட்டின் ரேடியோ செத்துப் போயிருந்தது.

"எப்பருந்துக்கா?" என்று கேட்டான்.

"நீங்க படுத்தீங்கல்ல, அந்த வாரமேதானுங்க. தொண்டை கட்டுன மாதிரி கரகரன்னுச்சு. அப்புறம் வாயே தொறக்கல" என்றாள் முட்டை பொறுக்கும் சென்னம்மாள். கையிலிருந்த ட்ரேயை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். பாதிக்கு மேல் ஓடு கட்டாத தோல் முட்டை. தொட்டால் அமுங்கியது.

முட்டைக்கோழி பயந்த சாதி. அமைதியாக இருக்கும் ஷெட்டில் ஒரு தகர டப்பா உருண்டால் போதும், உலகமே முடிந்துவிட்டதாக நினைத்து முட்டையை நிறுத்திவிடும். அதற்காகத்தான் அந்த ரேடியோ. காலையிலிருந்து சாயங்காலம் வரை அது ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். அது பேசுவதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே சரவணமுத்து கூண்டு கூண்டாக நடப்பான். மழை வரும் என்று அது சொன்னால், "வரும் வரும், உங்கொப்பன் கெணத்துக்கு வரும்" என்பான். வீட்டில் வாய் திறக்க முடியாத மனிதர்களுக்கு எங்காவது ஒரு வடிகால் வேண்டுமல்லவா?

பண்ணை முதலாளி அருணகிரி வந்தார். ட்ரேயைப் பார்த்தார். அவருக்கு அதிகம் பேச்சு வராது.

"ரேடியோ போச்சு, முட்டை போச்சு. சரி பண்ணு."

"பண்ணிர்றனுங்க. அதோட ஒரு விசயமுங்க. வர்ற வாரம் மேச்சேரியில மச்சினன் கல்யாணம். ரெண்டு நாள்..."

"முட்டை பழையபடி வரட்டும். தாராளமாப் போயிட்டு வா."

அவருடைய 'தாராளமா' எப்படிப்பட்டது என்று சரவணமுத்துவுக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை போகாமல் முடியாது. மைத்துனன் நவீன்குமாருக்கு ஒரே அக்கா மலர்விழி. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீருக்கு மணவறையில் உட்காரப் போகிறவள் அவள். அக்காள் புருஷன் எங்கே என்று ஊரே கேட்கும். கோழி மேய்க்கிறார் என்று அவள் எத்தனை தடவைதான் சொல்லுவாள்?

அன்றே ரேடியோவை மடியில் கட்டிக்கொண்டு நாமக்கல் போனான்.

கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்தக் காலத்துல யாருங்க இதை ரிப்பேர் பண்றாங்க? ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்குங்க. பாட்டுக்குத் தகுந்த மாதிரி கலர் கலரா லைட்டு எரியும்."

"கோழிக்குங்க."

"கோழிக்கும் எரியுமுங்க."

எரிந்தது. தூணில் கட்டி பட்டனை அமுக்கியதும் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சுற்றிச் சுற்றி எரிந்தது. ஷெட் முழுக்க ஒரே கூப்பாடு. பறக்க இடமில்லாத கோழிகள் இருந்த இடத்திலேயே பறந்தன. சென்னம்மாள் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"கோழிக்கு எதுக்குங்க கரகாட்டம்?" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

சரவணமுத்து கரண்டுக்காரர்கள் ஒட்டும் கறுப்பு டேப்பை எடுத்து, வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் ஒட்டினான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே தெரியாதபடி சுற்றிச் சுற்றி ஒட்டிய பிறகு, ஸ்பீக்கர் கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி தூணில் சாய்ந்து நின்றது.

அப்புறம் செல்போனிலிருந்து பாட்டு. நல்ல மெல்லிசையாகப் பார்த்துப் போட்டான். இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவதற்கு முன்னால் ஒருவர், "உங்கள் கனவு இல்லத்துக்கு இன்றே வாருங்கள்!" என்று அலறினார். மறுபடியும் கூப்பாடு. விளம்பரம் வருகிற நேரம் பார்த்துச் சத்தத்தைக் குறைப்பதற்காக, வேலையையெல்லாம் போட்டுவிட்டு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தூணடியிலேயே உட்கார்ந்தான். கண்கொத்திப் பாம்பு மாதிரி அன்று முழுக்க உட்கார்ந்திருந்தான். முட்டை இன்னும் குறைந்தது.

மறுநாள் சலித்துப்போய், செல்போனைத் தீவன மூட்டைகளின் மேல் வைத்துவிட்டுச் செத்த கோழிகளைப் பொறுக்கப் போனான். அருணகிரி வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்துப் பாட்டு அறுந்தது. ஸ்பீக்கரில் மணி அடித்தது. கோழிகள் மிரண்டன. மணியை நிறுத்துவதாக நினைத்துச் சென்னம்மாள் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள்.

"ஏனுங்க!" என்றது ஸ்பீக்கர்.

சரவணமுத்துவின் கையிலிருந்த கூடை விழுந்தது.

"லீவு கேட்டீங்களா இல்லீங்களா? என்ற தங்கச்சி கல்யாணத்தப்பக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சலுன்னீங்க. எங்கப்பாருக்கு அறுபதாங் கல்யாணம் பண்ணுனப்பக் கோழிக்கு வெயிலு தாங்கலீன்னீங்க. நம்ம புது ஊட்டுக்கு நாந்தான் ஒண்டியாப் பால் காச்சுனேன். நீங்க எனக்குப் புருசனுங்களா, கோழிக்குப் புருசனுங்களா?"

அந்தப் பக்கத்தில் திட்டுக்கும் 'ங்க' உண்டு. மரியாதையாக வாங்கிக்கட்டிக்கொள்ளலாம்.

செல்போன் மூட்டைகளுக்கு நடுவில் எங்கோ சரிந்திருந்தது. சரவணமுத்து அதைத் தேடிக்கொண்டு கூண்டு வரிசையில் மேலும் கீழும் நடந்தான். "சரி மலரு... கேக்கறேன் மலரு... ஆமா மலரு, என்ற தப்புத்தான்... கட்டாயம் வாரேன் மலரு..."

செல்போன் கிடைத்து, பேச்சை முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தான். ஷெட்டில் ஒரு சத்தம் இல்லை. அத்தனை கோழியும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தன.

அருணகிரி முதன்முதலாகச் சிரித்தார். "அந்தப்புள்ள குரல்ல என்னமோ இருக்குது. அதையே போடு."

"எதையுங்க?"

"உன்ற சம்சாரத்தையப் பேசச் சொல்லிப் பதிஞ்சு போடு. முட்டை வந்தா லீவு."

சரவணமுத்து வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லாமல், "மலரு, செல்போன்ல சித்தெ பேசேன், உன் குரல் எப்படி விழுதுன்னு பாக்கறேன்" என்றான். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, செய்தி வாசிப்பதுபோல் பேசினாள். "வணக்கம். என் பெயர் மலர்விழி. என் கணவர் மிகவும் நல்லவர்."

மறுநாள் அதைப் போட்டான். இப்படி ஒரு நாளாவது தன்னைப் பற்றிச் சொன்னாளே என்று தூணடியில் வாயடைத்து நின்று கேட்டான். கண்ணில் நீர்கூட வந்தது. கோழிகளுக்கு அது பிடிக்கவில்லை. கூச்சலில் அவள் குரலே கேட்கவில்லை.

"இது செல்லாது" என்றார் அருணகிரி. "அன்னிக்குப் பேசுன மாதிரி வேணும்."

அப்படிப் பேசவைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அன்று சாயங்காலம் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைப் பதிவில் போட்டுவிட்டு, "லீவு இன்னும் கெடைக்கல மலரு" என்று மட்டும் சொன்னான். அவ்வளவுதான். பேய்மழை. அவனுடைய அம்மாவில் ஆரம்பித்து, பெண் பார்க்க வந்த அன்று அவன் போட்டிருந்த சட்டை வரைக்கும் வந்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். நடுவில் அப்பளம் பொரித்துப் போட்டாள். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள். எத்தனை கோபம் வந்தாலும் சாப்பாட்டில் குறை வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பதிந்ததை மெமரி கார்டில் ஏற்றி ஸ்பீக்கரில் செருகினான். இனிச் செல்போனே தேவையில்லை. முடிய முடியத் திரும்ப ஓடும்.

முட்டை ஏறியது. தோல் முட்டை நின்றது. அருணகிரி மற்ற பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டாத குறை.

சரவணமுத்துதான் இறங்கிப் போனான். காலையில் வீட்டில் நேரடியாக ஒரு முறை. பண்ணையில் பகல் முழுக்க ஸ்பீக்கரில்; பழக்கதோஷத்தில் அதற்கும் 'சரி மலரு' என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தான். சாயங்காலம் வீட்டில் மறுபடியும். தீவனம் போட்டாலும் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலும் மண்டைக்குள் "ஏனுங்க!" கேட்டுக்கொண்டே இருந்தது. பைக்கில் போகும் கொஞ்ச நேரமாவது நிம்மதி என்று பார்த்தால், அங்கும் காற்றோடு சேர்ந்து அவளே பேசினாள். காய்ச்சல் விட்டுப்போன உடம்பு. தூக்கம் போதவில்லை. ஒரு நாள் செத்த கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதற்காவது விடுதலை கிடைத்ததே என்று பொறாமைப்பட்டான்.

இந்த லட்சணத்தில் மலர்விழியே ஒரு மத்தியானம் தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"...பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கே அந்தக் கிளிப்பச்சைச் சட்டையப் பாத்து நான் முழிச்சிருக்கோணும்..." என்று தூண் சொல்லிக்கொண்டிருந்தது.

சரவணமுத்து ஓடிப்போய் அதன் வாயைப் பொத்துவதற்குள், அவள் முழுவதையும் கேட்டுவிட்டாள். சென்னம்மாள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இதென்னங்க?"

"கோழிக்கு உன்ற குரலுன்னா உசிரு மலரு. இதுனாலதான் முட்டையே வருது. முட்டை வந்தாத்தான் லீவு."

மலர்விழி கஞ்சிப்போசியைத் தரையில் வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தான். அவள் கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது.

"நான் பேசறதைக் கோழியாச்சும் கேக்குதே" என்றாள். "நாளைக்குக் காத்தால நான் மேச்சேரி போறேன். முகூர்த்தத்துக்கு முன்னால நீங்க வந்து நின்னா, கூட வாரேன். இல்லீன்னா இந்தப் பொட்டியவே வெச்சுக் குடித்தனம் பண்ணிக்குங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. மிரட்டும்போது அவளுக்குக் கண் கலங்காது.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. திட்டு இல்லை, ரசமும் இல்லை. பண்ணையில் மட்டும் அவள் இருப்பதுபோல் இருந்ததால், சரவணமுத்து விடிந்ததும் அங்கே ஓடினான். வழக்கம்போலக் கூண்டு கூண்டாக நடந்தான். "வந்துர்றேன் மலரு. இந்தத் தடவை சத்தியமா வாரேன் மலரு" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள். முட்டை பழையபடி வந்துவிட்டது என்று அருணகிரியே ஒப்புக்கொண்டார்.

"போயிட்டு வா. ஸ்பீக்கர்தான் இருக்குதே, நீ எதுக்கு?"

எத்தனையோ வருஷம் உழைத்த மனிதனிடம் சொல்லும் வார்த்தையா அது? சரவணமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் லீவு லீவுதான். பட்டுக்கரை வேட்டி, புதுச்சட்டை, பைக்கில் ஒரு பை. சட்டை கிளிப்பச்சை இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பும்போது மனசு லேசாக இருந்தது. மணவறைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது மலர்விழியின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தான். சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகிவிட்டது.

"சென்னம்மாக்கா, அந்த ஸ்பீக்கரை மட்டும் பாத்துக்குங்க. ராத்திரி எப்பவும்போலச் சார்ஜ் போட்டுருங்க."

சென்னம்மாள் ட்ரேக்களை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அதுக்கு எங்கீங்க சார்ஜ் போடறது? ஒயரை எலி கடிச்சுத் துண்டாக்கிப் போட்டுருச்சுங்களே. உங்க ஊட்டுக்காரம்மா வந்துட்டுப் போன அன்னிக்கே பொட்டி செத்துப் போச்சுங்க."

"டேப்பு சுத்துனதுல லைட்டு உங்களுக்குத் தெரியிலக்கா. உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. இன்னிக்குக் காத்தாலகூடப் பேசுச்சே, நான் கேட்டனே!"

"நானும் வெளியிலிருந்து கேட்டேன்" என்றார் அருணகிரி. "'சரி மலரு, சரி மலரு'ன்னு."

சென்னம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது நீங்களா ஒண்டியா பேசிக்கிட்டு நடந்ததுங்க, பொட்டி பேசுனாலும் பேசாட்டியும், சூப்பர்வைசரு உங்க குரலைக் கேட்டாத்தானுங்க நம்ம கோழிங்க கம்முனு குந்தி முட்டை போடுது!"