அரக்கனுக்குப் பொன்னாடை

"சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் விருந்து. நீ கட்டாயம் நிற்க வேண்டும்" என்று வேலை செய்யும் வீட்டு எஜமானி சினியோரா பியாங்கா சொன்னபோது, கஜானன் துடைத்துக்கொண்டிருந்த தட்டு உடையாமல் தப்பியது தம்பிரான் புண்ணியம்.

அதே சனிக்கிழமை பின்னேரம்தான் இத்தாலியின் பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் தியேட்டருக்கு ஜப்பானிலிருந்து கனெமித்சு வருகிறார். முப்பது வருடமாக ரப்பர் உடைக்குள் புகுந்து அரக்கனாக நடித்த கிழவர். அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு, நடையைப் பார்த்தவர்கள் ஏராளம்.

கஜானன் பார்த்தது ஒரே ஒரு படம். யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டர் போட்டு, வாடகை டெக்கில், கசெட் தேயத் தேயப் பார்த்தான். தகாரோன் என்ற அரக்கன் இடக்காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, நின்று, எதையோ மறந்துவிட்டவன் மாதிரித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு நகரத்தையே மிதிப்பான். ஊரில் உண்மையாகவே வீடுகள் இடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நாட்களில் கஜானனை வயிறு நோகச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தாமல் விட்டால் இந்தக் கட்டை வேகாது என்று அவன் பாதி பலெர்மோவுக்குச் சொல்லி வைத்திருந்தான்.

பலெர்மோவில் நம்மவர்கள் லீவு எடுப்பதில்லை, தங்களுக்குப் பதிலாக ஆள் விடுவார்கள். லீவு கேட்டால் வேலை போகும், வேலை போனால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி ஆட்டம் காணும். தனக்குக் காய்ச்சல் என்று சினியோராவுக்குச் சொல்லிவிட்டு, கஜானன் தன் இடத்துக்கு, உணவகத்தில் கோப்பை கழுவும் அல்பேட்டைப் பிடித்தான்.

"போறன் அண்ணை. ஆனா ரெஸ்தொறாந்திலை என்ரை கோப்பையளை ஆர் கழுவுறது?"

"அதுக்குத் துசானியை விடுறன்."

துசானி கஜானனின் மனைவி. அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

"நல்லாயிருக்கு! உங்கடை பூதத்துக்காக நான் மீன் சட்டி தேய்க்கோணுமே?"

"பூதமில்லை துசானி, கலைஞர்! ஒரு பின்னேரம் மட்டும் போயிட்டு வாரும்."

புறுபுறுத்துக்கொண்டு துசானி பையைத் தூக்கினாள். கஜானனும் தன் பையைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போனான். மேடையில் சின்னதாக ஒரு கிழவர் கைகூப்பி நின்றார். கஜானனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னாடையை எடுக்கப் பைக்குள் கையை விட்டான். ஏப்ரனும் ரப்பர் கையுறையும் வந்தன.

இரண்டும் ஒரே கடைப் பை, மாறிப் போயிருக்கிறது!

விழுந்தடித்துக்கொண்டு வுச்சீரியாச் சந்தைக்கு ஓடினான். ரெஸ்தொறாந்தின் பின்கட்டில் துசானி மீன் சட்டி தேய்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இடுப்பில் பொன்னாடை.

"ஏப்ரன் இல்லாட்டி உள்ளை விடமாட்டினமாம்! நான் என்ன செய்யிறது? சரிகைப் பக்கத்தை உள்ளுக்கு வைச்சுத்தான் கட்டினனான்."

சண்டை பிடிக்க நேரமில்லை. அவிழ்த்து, உதறி, திரும்பி ஓடினான். தியேட்டரில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜப்பான்காரரா? விருந்துக்குப் போய்விட்டாரே" என்றான் காவல்காரன். "நிகழ்ச்சி நடத்தியவரின் அத்தை வீட்டுக்கு. சினியோரா பியாங்காவைத் தெரியுமா?"

தெரியுமாவா! வாயில் விழ இருந்த பழத்துக்குத் தானே ஆள் விட்டிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டு ஓடினான்.

சினியோரா வீட்டில் சமையல் மணம் வீசிய குசினிக் கதவைத் திறந்த அல்பேட், கஜானனின் வெள்ளைக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். "வாங்கோ அண்ணை! உங்கடை பூதம் உள்ளை மக்கரோனி சாப்பிடுது. என்னோடை ஒரு படமும் எடுத்தவர்."

"டேய், நான் ஒருக்கா உள்ளை போகவேணும்."

"விசரே? உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சினியோரா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா!"

போனால் வேலை போகும். போகாவிட்டால் இந்தப் பிறவியில் இனி அவரைக் காண முடியாது. கஜானன் ஒரு கணம்தான் யோசித்தான். வேலை ஊரெல்லாம் கிடக்கிறது, தகாரோன் ஒருவர்தான் என்று முடிவெடுத்து, உள்ளே நுழைந்தான்.

சினியோராவின் முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது. "கஜானன்! உனக்குக் காய்ச்சல்தானே?"

"பொய் சொன்னேன் சினியோரா. இவரைப் பார்க்கத்தான்."

விளக்கிச் சொல்லும் அளவுக்கு இத்தாலிய மொழி வரவில்லை. அதனால் நடந்து காட்டினான். இடக்காலை இழுத்து இழுத்து மேசையைச் சுற்றி வந்து, நின்று, எதையோ மறந்தவன் மாதிரித் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரித்தது சினியோராதான். பிறகு வீடே சிரித்தது. கனெமித்சு எழுந்து குனிந்து வணங்கினார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கஜானன் மீன் மணம் மாறாத பொன்னாடையை அவருக்குப் போர்த்தி, காலைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிர்ந்து பார்த்தால், அவர் அதைக் கழற்றி மனைவியின் தோளில் போர்த்திக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட மனிதர், மனைவிக்கு எவ்வளவு மரியாதை என்று கஜானன் உருகிப் போனான்.

கனெமித்சு ஏதோ நீளமாகச் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த பெண் அதை இத்தாலியனில் சொன்னாள். கஜானனுக்கு விளங்கியது, ஆனால் தன் காதையே நம்ப முடியவில்லை. குசினி வாசலில் தட்டோடு நின்ற அல்பேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓம் அண்ணை, சரியாத்தான் கேட்டனீங்கள்" என்றான் அல்பேட். "அந்தப் படம் எடுக்கேக்கை அவருக்குக் காய்ச்சலாம், வேலை போயிடும் எண்டு உடைக்குள்ளை தன்ரை மனுசியை ஆள் விட்டவராம்!"