கிருமியக்காவும் ஒற்றைப் புள்ளியும்

வாளையாறு எல்லையைத் துணிச்சலாகத் தாண்டிக் கேரளத்துக்குள் வரும் கிருமிகள்கூட, கஞ்சிக்கோட்டில் எங்கள் தொழிற்சாலை வாசலைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடும். காரணம், கிருமியக்கா.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, படித்து, எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர். நாங்கள் செய்வது எலும்பு மணிகள். எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்தில் செய்த, கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள். எலும்பு நொறுங்கிப்போன இடத்தில் நிரப்பினால், அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளரும். கிருமி அண்டாமலிருக்க மேலே மருந்துப் பூச்சும் உண்டு.

அந்த மருந்தைவிடக் கிருமிகள் அக்காவுக்குத்தான் அதிகம் பயந்தன. ஆயுத பூஜைக்கு வந்த பூசாரியையே வாசலில் மறித்து, முழங்கைவரை சோப்புப் போடவைத்தார்.

"தீர்த்தம் தெளிக்கோணுமுங்களே அம்மா?" என்று கேட்டார் பூசாரி.

"தாராளமா தெளிங்க. கேட்டுக்கு வெளிய."

சென்ற வருஷம் ஒரு நாள், அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளின் மேல் அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டார். பொட்டலம் கட்டும் அறையின் காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் திறந்துவைக்கும் பரிசோதனைத் தட்டில், இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்திருந்தது. குண்டூசித் தலை அளவுதான்.

முதலாளி ஓடி வந்தார். "ஏனுங்க அம்மிணி, ஒரே ஒரு புள்ளிதானுங்களே! ஆபரேஷனுக்கு டாக்டர் காத்துட்டிருக்காருங்க!"

"ஒரு புள்ளிதான் சார். ஒரு மனுசனோட கால்ல போய் உக்காந்தா கோலமே போட்டிரும்."

"மறுபடி சூடு பண்ணிக் கொடுத்துடலாமுங்க."

"பூசுன மருந்து சூடு தாங்காது. அம்புட்டையும் கொட்டிட்டுப் புதுசா செய்யணும்."

ஒரு வார வேலை! முதலாளி தலையில் கைவைத்தார். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"என் தம்பி தோட்டத்து ஜீப்பு கவுந்து கால ஒடிச்சான் சார். உள்ள வச்ச கம்பியில சீழ் பிடிச்சு, மூணு தடவ கீறி, கடைசில காலையே எடுத்துட்டாங்க. அந்தக் கம்பிய அனுப்புன கம்பெனியில யாராவது இப்படிப் பெட்டி மேல உக்காந்திருக்கலாம்லா?"

முதலாளியே டாக்டருக்குப் போன் செய்து, ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

அடுத்து, குற்றவாளியைத் தேடும் படலம். அன்று அந்த அறைக்குள் போன எல்லோர் முகத்துக்கு முன்னாலும் ஆளுக்கொரு தட்டைப் பிடித்தார் அக்கா. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மற்றவர்களின் தட்டுகள் சுத்தம். பொட்டலம் கட்டும் என் தட்டில் ஒரு தோட்டமே பூத்திருந்தது. இருபது வருஷமாக நான் சீவி வளர்த்த மீசை, முகக்கவசத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததாம்.

"அண்ணாச்சி, மீசையா, பேக்கிங்கா? நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா.

அன்று மாலை மழித்த முகத்தோடு வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "அவரு இன்னும் வேலையிலிருந்து வரலீங்களே, நீங்க ஆருங்க?" என்றாள்.

புது மணிகள் தயாராகிப் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஆனைக்கரை ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வைத்தார்கள். மரம் விழுந்து கால் நொறுங்கியவர். முன்பு எலும்பில் வைத்த உலோகத் தகட்டில் கிருமி சேர்ந்து அதை எடுத்துவிட்டிருந்தார்கள். இது தவறினால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லையாம்.

மாதங்கள் கழித்து, டாக்டரிடம் நடந்த கதையைக் கேட்டு, விலாசமும் வாங்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி அந்த மனிதர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் கம்பு இல்லை.

"இங்க மணிய நிறுத்தி வச்ச அக்கா யாரு?"

அக்கா வந்தார். "கொஞ்சம் நடங்க, பாப்போம்." அவர் நடந்தார். "திரும்பி வாங்க." வந்தார். "இன்னொரு தடவ." முதலாளி, காவலாளி, நான், எல்லோரும் வரிசையாக நின்று, ஒரு மனிதர் சும்மா நடப்பதைக் கல்யாண ஊர்வலம்போலப் பார்த்தோம். மூன்றாவது தடவை அவர் திரும்பியபோது, முகக்கவசத்துக்கு மேலே அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. துடைக்கக் கையை உயர்த்தியவர், கையுறை அழுக்காகிவிடும் என்று அப்படியே இறக்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எங்கே வேலை என்று யாராவது கேட்டால், நான் கம்பெனி பெயரைச் சொல்வதில்லை. "எங்க அக்காகிட்ட" என்கிறேன்.